சரியான விசா இல்லாவிட்டால் எந்திரமும் ஓடாது!

வெளிநாட்டு நிபுணரை அழைக்கும் முதலாளிகளும், வெளிநாடு போகும் தொழிலாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். அங்கே எல்லபெல் என்று ஒரு சிறிய ஊர்.

தென் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனியும் எல்.ஜி. கம்பெனியும் சேர்ந்து, அந்த ஊரில் மின்சார கார்களுக்கான பேட்டரி தொழிற்சாலை கட்டிக்கொண்டு இருந்தன.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, குடியேற்ற அதிகாரிகள் அந்தத் தொழிற்சாலைக்குள் புகுந்தார்கள். 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300 பேருக்கு மேல் தென் கொரியர்கள்.

அவர்கள் திருடர்களா? கள்ளக் கடத்தல்காரர்களா?

இல்லை. எந்திரம் பொருத்த வந்த தொழில் நிபுணர்கள்!

விலங்கு மாட்டி அழைத்துச் சென்றார்கள். ஒரு வாரம் காவலில் இருந்தார்கள். பிறகு தனி விமானத்தில் ஏறி, 12-ந் தேதி தாய்நாடு போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களில் பலர் வியாபாரம் பேசவும், கொஞ்ச நாள் தங்கிப் போகவும் அனுமதி வாங்கி வந்தவர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு.

தொழிற்சாலை திறப்பது 2, 3 மாதமாவது தள்ளிப்போகும் என்று ஹூண்டாய் தலைவர் அறிவித்தார்.

பணம் இருந்தது. கட்டிடம் இருந்தது. எந்திரம் இருந்தது. அதைப் பொருத்தும் ஆள் இல்லை!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில வாரங்களுக்குப் பிறகு, "வாங்கிய எந்திரத்தைப் பொருத்தவும், பழுது பார்க்கவும் வியாபார விசாவே போதும்" என்ற பொருளில் அமெரிக்க சர்க்காரே தென் கொரியாவுக்கு விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம் முன்பே தெளிவாக இருந்திருந்தால், இத்தனை பேர் காவலில் கிடந்திருக்க வேண்டாம்.

அத்திப்பட்டுக்கும் இதற்கும் என்ன?

அமெரிக்காவில் நடந்ததற்கும் அத்திப்பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய உண்டு!

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரெயிலில் ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர்கள் வரும். வழி நெடுகப் புகைபோக்கிகளும் தொழிற்சாலைகளும் தெரியும்.

அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. 1990-களில் 210 மெகாவாட் எந்திரங்கள் மூன்றுடன் அது தொடங்கியது. 2014-ல் 600 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு சேர்ந்தன. 2024-ல் 800 மெகாவாட் எந்திரம் ஒன்று வந்தது.

பக்கத்திலேயே வல்லூர் மின் நிலையம். அதன் சக்தி 1,500 மெகாவாட். கடற்கரையில் காமராஜர் துறைமுகம். 2001-ம் ஆண்டு முதல் கப்பல்கள் வந்து போகின்றன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. அதே பக்கத்தில் மகிந்திரா கம்பெனியும் ஜப்பானின் சுமிட்டோமோ கம்பெனியும் சேர்ந்து அமைத்த இன்னொரு தொழிற்பேட்டை. அங்கே ஜப்பானியக் கம்பெனிகள் வந்திருக்கின்றன. ஒன்று என்ஜின் செய்கிறது. ஒன்று ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி செய்கிறது.

இப்படிப்பட்ட இடங்களுக்கு வெளிநாட்டு எந்திரங்கள் வரும். எந்திரத்தோடு அதைப் பொருத்தத் தெரிந்த ஆளும் வர வேண்டும்.

அவர் வருவது ஒரு நாள் தாமதமானால், அந்த எந்திரத்தை நம்பி இருக்கும் உள்ளூர் பிட்டருக்கும், வெல்டருக்கும், லாரி டிரைவருக்கும், கேண்டீன்காரருக்கும் ஒரு நாள் வேலை தள்ளிப் போகிறது. ஆகவே விசா என்பது முதலாளியின் கவலை மட்டும் அல்ல. ஊரின் கவலை.

பாஸ்போர்ட்டு வேறு, விசா வேறு

பாஸ்போர்ட்டும் விசாவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு.

பாஸ்போர்ட்டு, "இவர் எங்கள் நாட்டுக்காரர்" என்று சொந்த நாடு கொடுக்கும் அத்தாட்சி.

விசா, "எங்கள் நாட்டுக்கு வரலாம்" என்று போகும் நாடு கொடுக்கும் அனுமதி.

அந்த அனுமதியில் மூன்று விஷயம் இருக்கும். எதற்காக வரலாம்? எத்தனை நாள் இருக்கலாம்? எத்தனை முறை வந்து போகலாம்?

சுற்றிப் பார்க்க வந்தவர் சுற்றிப் பார்க்கலாம். வியாபாரம் பேச வந்தவர் பேரம் பேசலாம், தொழிற்சாலையைப் பார்வையிடலாம், கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். வேலை விசாவில் வந்தவர்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி எல்லா நாட்டையும் குழப்புகிறது.

எந்திரத்தை விற்ற கம்பெனி, அதைப் பொருத்திக் கொடுக்க ஓர் என்ஜினீயரை அனுப்புகிறது. அவருக்குச் சம்பளம் அவர் நாட்டில். அவர் செய்வது வியாபாரமா, வேலையா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே பதில் மாறி மாறி வந்திருக்கிறது.

2009-ல் வந்த உத்தரவு

2009-ம் ஆண்டு. அப்போது இந்தியாவில் பல மின் நிலையங்கள் சீன எந்திரங்களைக் கொண்டு கட்டப்பட்டு வந்தன. எந்திரத்தோடு என்ஜினீயர்கள் வந்தார்கள். அவர்களோடு சாதாரணத் தொழிலாளர்களும் வந்தார்கள். பெரும்பாலோர் வியாபார விசாவில் வந்தவர்கள். சுமார் 25,000 சீனர்கள் இப்படி இருப்பதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின.

உள்ளூர் ஆட்களே செய்யக்கூடிய வேலைக்கு வெளிநாட்டில் இருந்து ஆள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மத்திய சர்க்கார் ஆகஸ்டு மாதம் ஓர் உத்தரவு போட்டது.

வியாபார விசாவில் வந்து கட்டுமான வேலை செய்கிறவர்கள், தங்கள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். மறுபடி வர விரும்பினால் வேலை விசா வாங்கி வர வேண்டும். இதுதான் உத்தரவு.

முதலில் செப்டம்பர் 30 வரை கெடு. பிறகு அக்டோபர் 31 வரை நீட்டிப்பு.

மின் நிலையம் கட்டிக்கொண்டு இருந்த கம்பெனிகள் திகைத்தன. பாதி பொருத்திய கொதிகலன். பாதி பூட்டிய டர்பைன். பொருத்தும் ஆள் விமான நிலையத்தில்!

அடுத்த ஆண்டு, 2010-ல், சர்க்கார் ஒரு புது வழி கண்டது. மின்சாரம், எஃகு ஆகிய இரண்டு தொழில்களுக்கும் "திட்ட விசா" என்ற ஒன்று பிறந்தது. இந்த விசாவில் வருகிறவர், குறிப்பிட்ட ஒரு திட்டத்தில் மட்டும் வேலை செய்யலாம். பக்கத்துத் திட்டத்துக்குப் போய்க் கை வைக்கக்கூடாது.

சமையல்காரருக்கு மட்டும் சலுகை!

வேலை விசாவுக்குச் சம்பள வரம்பும் வந்தது. ஆண்டுக்கு 25,000 அமெரிக்க டாலருக்குக் குறையாமல் சம்பளம் வாங்குகிறவருக்கே வேலை விசா என்று 2010-ல் விதி செய்தார்கள். பின்னாளில் அது 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் என்று நம் நாட்டுப் பணத்திலேயே சொல்லப்பட்டது.

ஏன் இந்த வரம்பு? குறைந்த சம்பளத்துக்கு வெளியில் இருந்து ஆள் கொண்டு வந்து, உள்ளூர்க்காரர் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்பதுதான் காரணம். குமாஸ்தா வேலைக்கும், தகுதியுள்ள இந்தியர்கள் ஏராளமாக இருக்கும் வேலைக்கும் வேலை விசா இல்லை.

ஆனால் சிலருக்கு வரம்பு கிடையாது. ஆங்கிலம் தவிர மற்ற வெளிநாட்டு மொழிகளைக் கற்றுக்கொடுப்பவர், மொழிபெயர்ப்பாளர், தூதரகத்தில் வேலை பார்ப்பவர். இன்னும் ஒருவர் யார் தெரியுமா?

சொந்த நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர்!

ஜப்பானியச் சாப்பாட்டை ஜப்பானியச் சமையல்காரர் செய்தால்தான் ருசி என்பது சர்க்காருக்கும் தெரிந்திருக்கிறது.

14 நாள் கணக்கு

விசா வாங்கி வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை.

180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருகிறவர், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். முன்பு இதற்காகச் சென்னைக்கு நடையாய் நடக்க வேண்டும். 2018 முதல் கம்ப்யூட்டர் மூலமே மனுச் செய்ய வழி வந்துவிட்டது.

வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுக்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைக்கக்கூடாது. மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வீட்டை வாடகைக்கு விடுகிறவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

4 சட்டம் போய் ஒரு சட்டம்

வெளிநாட்டவர் சம்பந்தமாக நம் நாட்டில் நீண்ட காலம் நான்கு சட்டங்கள் இருந்தன. 1920, 1939, 1946 ஆகிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்தவை மூன்று. 2000-ம் ஆண்டில் வந்தது ஒன்று.

2025-ல் பாராளுமன்றம் இந்த நான்கையும் நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்ற ஒரே சட்டத்தை நிறைவேற்றியது. 2025 செப்டம்பர் 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது.

தண்டனையும் கடுமை. விசா காலம் முடிந்தும் தங்கி இருந்தால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளப் பாஸ்போர்ட்டு, கள்ள விசா என்றால் 2 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். 1 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதே 2025-ம் ஆண்டின் கடைசியில் இன்னொரு மாற்றம் நடந்தது. எந்திரம் பொருத்துவது, தரம் பார்ப்பது, பயிற்சி கொடுப்பது போன்ற உற்பத்தி வேலைகளுக்காக வரும் வெளிநாட்டு நிபுணர்களுக்கு, வியாபார விசாவிலேயே ஒரு புதுப் பிரிவு வந்தது.

2009-ல் "வியாபார விசாவில் வந்து எந்திரம் பொருத்தாதே" என்றார்கள். 2025-ல் நிபந்தனைகளோடு அதற்கே வழி திறந்தார்கள்.

இடையில் 16 ஆண்டு. பழைய விதியை மனப்பாடம் செய்துவைத்த கம்பெனி, புதிய வழியைக் கோட்டை விடும். புதிய வழியைக் காதால் மட்டும் கேட்ட கம்பெனி, நிபந்தனையைக் கோட்டை விடும்!

முதலாளி என்ன செய்ய வேண்டும்?

விதி மாறுவதை எந்த முதலாளியும் தடுக்க முடியாது. மாறியதைத் தெரிந்துகொள்ள முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒழுங்கு வேண்டும்.

ஒன்று: கம்பெனியில் ஒரே ஒருவரை இதற்குப் பொறுப்பாக வைக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு: ஒரு பேரேடு வேண்டும். வெளிநாட்டவர் பெயர், விசாவின் வகை, பாஸ்போர்ட்டு முடியும் தேதி, விசா முடியும் தேதி, பதிவு செய்த தேதி, அவர் செய்யும் வேலை. இந்த ஆறும் அதில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்று: விசாவில் எழுதி இருப்பதும், அவர் செய்யும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக்கூடாது.

நான்கு: ஒரு கம்பெனிக்காக வாங்கிய வேலை விசாவை வைத்துக்கொண்டு வேறு கம்பெனியில் வேலை பார்க்க முடியாது. அவசரம் என்று பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கடன் கொடுப்பது ஆபத்து.

ஐந்து: விதி மாறிவிட்டது என்று செய்தி வந்தால், உள்துறை இலாகா வெளியிட்ட உத்தரவையே படிக்க வேண்டும். ஏஜெண்டு சொன்னார், பக்கத்துக் கம்பெனிக்காரர் சொன்னார் என்பது கோர்ட்டில் செல்லாது.

ஆறு: புது எந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, பொருத்த வருகிறவரின் விசாவையும் யோசிக்க வேண்டும். எந்திரம் கப்பலில் ஏறிய பிறகு யோசிப்பது தாமதம்.

ஓர் உதாரணம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி. ஜப்பானில் இருந்து ஒரு நிபுணர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விசா டிசம்பர் 31-ந் தேதி முடிகிறது. வேலை ஜனவரி 20-ந் தேதிதான் முடியும்.

பேரேடு வைத்திருக்கும் கம்பெனிக்கு இது செப்டம்பரிலேயே தெரியும். உரிய காலத்தில் நீட்டிப்புக்கு மனுச் செய்யும். பேரேடு இல்லாத கம்பெனிக்கு டிசம்பர் 30-ந் தேதி தெரியும். அந்த நிபுணர், பாதி வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டுவார்.

எல்லாவற்றையும்விட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. வெளிநாட்டு நிபுணர் இருக்கும்போதே, அவர் அருகில் உள்ளூர் இளைஞர்கள் இருவரை நிறுத்தித் தொழிலைக் கற்றுக்கொள்ளச் செய்வது. பாலிடெக்னிக் படித்த பையனுக்கு ஆறு மாதம் போதும். விசா முடிந்து நிபுணர் போனாலும் எந்திரம் நிற்காது.

மற்ற நாடுகளில் என்ன நிலைமை?

விதியை மாற்றுவது இந்தியா மட்டும் அல்ல.

சிங்கப்பூரில், உயர்ந்த உத்தியோகங்களுக்கான வேலை அனுமதிக்கு மாதச் சம்பளம் குறைந்தது 5,000 சிங்கப்பூர் டாலர் என்று இருந்தது. 2025 ஜனவரியில் அது 5,600 ஆனது. ஆனால் சாதாரணத் தொழிலாளர்களுக்கு அதே ஆண்டு ஜூலையில் ஒரு நல்ல செய்தி வந்தது. இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். வயது வரம்பையும் 63 ஆக உயர்த்தினார்கள்.

பிரிட்டனில், தொழில் தெரிந்தவருக்கான விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 26,200 பவுன் என்று இருந்தது. 2024 ஏப்ரலில் 38,700 ஆக்கினார்கள். 2025 ஜூலையில் 41,700 ஆக்கினார்கள். நோயாளிகளையும் முதியோரையும் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் அந்த ஜூலையிலேயே நிறுத்தினார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் அதிர்ச்சி. 2025 செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எச்-1பி என்னும் வேலை விசாவுக்கு, புதிதாக மனுச் செய்யும் கம்பெனி 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் சுமார் 88 லட்சம் ரூபாய்! இரண்டே நாளில் உத்தரவு அமுலுக்கு வந்தது.

ஊருக்கு வந்திருந்தவர்களைப் பல கம்பெனிகள் "உடனே திரும்புங்கள்" என்று அவசரமாக அழைத்தன. விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். மறுநாள், "ஏற்கனவே விசா வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது" என்று விளக்கம் வந்தது. விளக்கத்துக்குக் காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பதறி விமான டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

முதலாளி தவறு, தொழிலாளிக்குத் தண்டனை!

சவூதி அரேபியாவில் நடந்ததைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

2011-ல் அந்த நாடு "நிதாகத்" என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் இத்தனை சவூதிக்காரருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கணக்குப்படி நடந்த கம்பெனிக்குப் பச்சை. நடக்காத கம்பெனிக்குச் சிவப்பு.

சிவப்புக் கம்பெனியில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க முடியாது!

விதியை மீறியவர் முதலாளி. வேலை இழந்தவர் தொழிலாளி. 2013-ல் சவூதி சர்க்கார் பொது மன்னிப்புக் கொடுத்தது. நவம்பர் 3-ந் தேதி வரை கெடு வைத்தது. பத்திரங்களைச் சரி செய்துகொண்டவர்கள் தங்கினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள்.

அவர்களில் கடன் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! தாலியை அடகு வைத்து அனுப்பியவர்கள் எத்தனை பேர்!

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

அத்திப்பட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழில் கற்ற பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஆசை வருவது இயற்கை. போகலாம். போவதற்கு முன் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

கையில் இருப்பது வேலை விசாவா, பார்வையாளர் விசாவா? "முதலில் பார்வையாளராகப் போ, பிறகு மாற்றித் தருகிறேன்" என்று ஏஜெண்டு சொன்னால் நம்பக்கூடாது.

10-ம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். 1983-ம் ஆண்டின் சட்டம் இதைச் சொல்கிறது. அதற்கான அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது.

ஏஜெண்டு, சர்க்காரில் பதிவு செய்தவரா? பதிவு செய்த ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எச்சரிக்கை! தமிழ்நாட்டு சர்க்காரே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தொடங்கி நடத்தி வருகிறது. அங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

விசாவில் உள்ள கம்பெனியின் பெயரும், ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா? சம்பளம் ஒன்றுதானா? பத்திரங்களின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே பத்திரம் தொலைந்தாலும் இங்கே இருப்பவர் உதவ முடியும்.

இரு பக்கமும் ஒரே நியாயம்

ஜப்பானில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் என்ஜினீயரும், அத்திப்பட்டில் இருந்து சிங்கப்பூருக்குப் போகும் வெல்டரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். இருவரும் வீட்டை விட்டு வந்தவர்கள். இருவரும் முதலாளி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். விதி மாறினால் அது முதலில் முதலாளிக்குத்தான் தெரிய வாய்ப்பு உண்டு.

ஆகவே, விதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பும் முதலாளிக்கே முதலில் வருகிறது. தன்னை நம்பி வந்தவரை அதிகாரிகள் முன் தலைகுனிய வைக்காமல் பார்த்துக்கொள்வது, சம்பளம் கொடுப்பதைப் போன்ற கடமை.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். விசா விஷயத்தில் அந்த அணைக்கு ஆகும் செலவு ஒரு பேரேடும், ஒரு பேனாவும், மாதத்தில் ஒரு மணி நேரமும்தான்!